ரிலீவர் வராத ஞாயிறு

அத்தியாயம் 14

போன வாரம் ஆவுடையப்பன் மகனுடைய போனைப் பாதியிலேயே அணைத்துவிட்டு எழுந்து போனார் அல்லவா, அந்தக் கோபம் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஆறவில்லை. கஞ்சிக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போதும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் கோயம்புத்தூரில் இருக்கும் சூர்யபிரகாஷ் கொலைக்குற்றம் ஒன்றும் செய்துவிடவில்லை. மதுரையில் ஒரு இல்லம் பார்த்திருக்கிறான். படுக்கையில் கிடப்பவர்களை நர்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். அம்மாவை அங்கே சேர்க்கலாம், புதன்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லுங்கள் என்றான். ஒங்க அம்மா இந்த வீட்டை விட்டு எங்கயும் வரமாட்டா என்று இவர் அன்றைக்கே பதிலைச் சொல்லி முடித்துவிட்டார்.

காளீஸ்வரியை இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே கட்டிலில் கிடந்தபடி அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கவாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்து இது இரண்டாவது வருஷம். பேச்சு குழறும். பொறுமையாகக் காது கொடுத்தால் வீட்டு ஆட்களுக்குப் புரியும். ஆனால் ராஜபாளையத்தில் அந்த வீட்டில் இப்போது பெரிய தட்டுப்பாடே பொறுமைக்குத்தான். அதனால் ஆவுடையப்பன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அவளுடைய இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன். ஏதாவது வேண்டுமென்றால் தட்டுவாள். தட்டினால் அவர் எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவார்.

மில்லில் ஸ்பின்னிங் மிஷின் பார்த்தே காலத்தை ஓட்டியவரின் காது அது. மனுஷர்கள் பேசினால் பாதி விழாது. இரும்புச் சத்தம் என்றால் மட்டும் எந்த மூலையிலிருந்து வந்தாலும் பிடித்துக்கொள்ளும். அந்த டம்ளருக்காக அவர் காது ராத்திரி பகல் பாராமல் விழித்திருந்தது. காது விழித்திருக்கும்போது ஆள் எங்கே தூங்குவது?

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. சங்கு ஊதிவிட்டது என்பதற்காக மிஷினை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள், வந்து நிற்க வேண்டும். அவன் வரவில்லையென்றால் அந்த ஷிப்டையும் நீயேதான் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் பேச்சே கிடையாது. அந்த இரைச்சலில் பேசித்தான் என்ன கேட்கப்போகிறது? ஆள் வந்தது தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ரிலீவர் வராமல் தான் ஒருநாளும் மிஷினை விட்டதில்லை என்று ஆவுடையப்பன் சொல்லிக் கேட்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. சில பேர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள்.

வீட்டிலும் அதே ஏற்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை மகள் சத்யப்பிரியா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். முன்வாசல் கேட்டின் கொண்டி சத்தம் கேட்டதுமே இவர் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார். அப்பாவும் மகளும் முகம் பார்ப்பது அவர் திரும்பி வந்த பிறகுதான். எங்கே போகிறார் என்று அவள் கேட்டதில்லை. பழைய மில் சேக்காளிகளோடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள்.

பின்வாசல் எதற்கு என்று கேட்பீர்கள். முன்வாசலுக்குப் போக வேண்டுமென்றால் காளீஸ்வரியின் கட்டிலைத் தாண்ட வேண்டும். வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டிலைத் தாண்ட அவருக்குத் தைரியம் போதவில்லை.

இந்த வாரம் அவருக்கு நிலைகொள்ளவில்லை. வியாழக்கிழமை நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கஞ்சி ஊட்டும்போது காளீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையைத் திருப்பினாள். அதற்கு முந்தின மூன்று ராத்திரியும் கண்ணை மூடாதவர், என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் ஸ்பூனை உள்ளே குத்திவிட்டார். கீழ் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் அழவில்லை. இவர்தான் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

அதைவிட மோசம், அழுகிற அந்த நேரத்தில் மனதுக்குள் வந்த நினைப்பு. இவள் போய்ச் சேர்ந்தால் தேவலையே என்று ஒரு நொடி தோன்றியது. ஒரே ஒரு நொடிதான். அன்றிலிருந்து தன் கையையே அவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்துக்கிடந்தார். காலைக் கஞ்சியைக் கொடுத்து முடித்து, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக் காளீஸ்வரியைச் சாய்த்து உட்காரவைத்தார். கஞ்சி குடித்ததும் படுக்கவைத்தால் புரையேறும். செத்த நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் சத்யா வந்து படுக்கவைப்பாள். அதுதான் வாராவாரம் நடப்பது.

கொல்லைப்புறம் போய் அழுக்குத் துணியைக் குளியலறை வாளியில் நனையப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். சட்டையை மாட்டினார். போன் சார்ஜரில் கிடந்தது. மணி அடித்தால் காளீஸ்வரி தூக்கிவாரிப்போட்டு எழுவாள் என்று அதன் சத்தத்தை அவர் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். அதில் மகளுடைய பெயர் வந்து வந்து அணைந்ததை அவர் பார்க்கவில்லை.

கேட்டின் கொண்டி சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் திறந்த குழாயை மறந்து, பின்வாசலைச் சாத்திவிட்டுச் சந்து வழியாக நடந்தார்.

வந்தது சத்யப்பிரியா இல்லை.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள். தளவாய்புரத்திலிருந்து நைட்டித் துணி வாங்கி வந்து வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்கிறவள். காளீஸ்வரிக்கு மாற்றிவிடச் சுலபமாக, முன்பக்கம் முழுக்கத் திறந்து நாடா வைத்த நைட்டி தைத்துக் கொடுத்ததும் அவள்தான். சத்யா இப்போதுதான் அவளுக்குப் போன் போட்டு, நான் வர நேரமாகும், அப்பா போனை எடுக்கவில்லை, ஒரு எட்டுப் போய்ச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சியிருந்தாள். அதைச் சொல்லத்தான் வந்தாள்.

அண்ணே என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் குளிக்கிறார், ஆம்பிளை குளிக்கும் இடத்தில் நமக்கென்ன வேலை என்று நினைத்துக்கொண்டு, விஷயத்தைக் காளீஸ்வரியிடம் சொன்னாள். "சத்யா சாப்பாட்டுக்குப் பொறவுதான் வருவாளாம் மதினி. அண்ணன்கிட்ட சொல்லிருங்க."

காளீஸ்வரி தலையை ஆட்டினாள். குருவம்மாளுக்கு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கேட்டைச் சாத்திவிட்டு ஓடினாள்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த நேரம் சத்யப்பிரியா பட்டுப்புடவையில் சீர்த்தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

நாத்தனார் மகளுக்குச் சடங்கு. சத்யாவின் கணவன் ஹரிகிருஷ்ணன் தாய்மாமன். தாய்மாமன் சீர் இறங்காமல் சடங்கு நடக்காது. தாய்மாமன் பெண்டாட்டி தட்டுத் தூக்காமல் சீர் இறங்காது. தலையைக் காட்டிவிட்டு நழுவிவிடலாம் என்று சத்யா போட்ட கணக்கு மண்டப வாசலிலேயே தப்பிவிட்டது. நல்ல நேரமே பன்னிரண்டை ஒட்டித்தான் என்றார் மாமியார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

வாரத்தில் ஆறு நாள் இந்த வீடு, ஒரு நாள் அந்த வீடு என்று இரண்டு வருஷமாக ஓடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை சினிமா எதுவும் அவளுக்கு இல்லை. ஹரிகிருஷ்ணன் தடுக்கிற ஆள் இல்லைதான். ஆனால் இன்றைக்குக் காலையில் பைக்கில் வரும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "இன்னைக்கு ஒருநாளாச்சும் எங்க ஆளுங்களோட செத்த நேரம் உக்காரு சத்யா." குறை சொல்கிற குரல் இல்லை அது. குறை சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

அப்பா போனை எடுக்கவில்லை. அப்புறம் குருவம்மாள் அத்தை, சொல்லிட்டேன்மா, அண்ணன் குளிச்சிட்டிருக்காரு என்று திருப்பிப் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் சத்யாவுக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்கு அன்றைக்கு முழுக்க உறுத்தப்போகிறது. பந்தியில் உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்தாள். நாத்தனார் ஏதோ கேலி சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் என்ன என்றும் இருந்தது. இருந்தாள்.

பட்டுப்புடவையை மாற்றாமலே பஸ் ஏறினாள். மடவார்வளாகம் தாண்டும்போது எதிரே ஒரு பஸ் வந்தது. யாரோ மாடு ஓட்டிக்கொண்டு குறுக்கே போக, இரண்டு பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்தப் பஸ் ஜன்னலில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கம்பியில் கன்னத்தை வைத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். பிளந்த வாயைத் தவிர மற்ற முகத்தைத் துண்டு சரிந்து மறைத்திருந்தது. வெயிலும் ஹாரன் சத்தமும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

கொடுத்துவைத்த மனுஷன் என்று நினைத்தாள் சத்யா. பஸ் நகர்ந்துவிட்டது.

*

அந்தத் துண்டுக்குக் கீழே இருந்தது ஆவுடையப்பன்தான்.

டீக்கடையும் கிடையாது, சேக்காளிகளும் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் போகிற இடம் இந்தப் பஸ்தான். ராஜபாளையத்தில் ஏறுவார், ஸ்ரீவில்லிபுத்தூர் போவார், இறங்காமல் திரும்புவார், மறுபடியும் போவார். முதல் வாரம் கண்டக்டர் வைகுண்டராஜ், ஊர் வந்திருச்சு அண்ணாச்சி என்று தட்டி எழுப்பினார். இவர் கண்ணைத் திறக்காமலே திரும்புகிற டிக்கெட்டுக்குக் கையை நீட்டினார். அதற்குப் பிறகு வைகுண்டராஜ் எழுப்புவதே இல்லை. இரண்டு டிக்கெட்டையும் சேர்த்துக் கிழித்துச் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போய்விடுவார்.

வீட்டில் வராத தூக்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வந்துவிடும். வண்டியை ஓட்ட ஒருவன் இருக்கிறான். வழியைப் பார்க்க ஒருவன் இருக்கிறான். இங்கே எதற்கும் இவர் பொறுப்பில்லை. தடதடவென்று இரைகிற அந்த எஞ்சின் சத்தம் மில்லின் இரைச்சல் மாதிரியே காதை மூடிக்கொள்ளும். டம்ளர் சத்தம் கேட்குமோ என்று காது தேடாது.

மகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நிம்மதியில் அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட நன்றாகத் தூங்கினார்.

*

கேட்டைத் திறக்கும்போதே சத்யாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கொல்லைப்புறத்திலிருந்து வழிந்த தண்ணீர் வீட்டின் பக்கவாட்டில் ஓடி வாசல் வரைக்கும் வந்திருந்தது.

"அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

காளீஸ்வரி கட்டிலில் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தாள். தலையணை இரண்டும் தரையில். தலை கட்டிலின் இரும்புக் கம்பியில் முட்டி நின்றது. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. நைட்டியும் விரிப்பும் நனைந்து, வாயோரத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. ஒரு நொடி சத்யாவுக்கு அந்தக் கண்ணைப் பார்த்து உயிரே போய்விட்டது. அப்புறம் அந்தக் கண் சிமிட்டியது.

கத்திய கத்தில் குருவம்மாள் ஓடி வந்தாள். இரண்டு பேரும் தூக்கி நிமிர்த்தினார்கள். மாட்டியிருந்த கை சிவந்து வீங்கியிருந்தது. நெற்றியில் கம்பி அழுத்திய தடம். உடம்பைத் துடைத்து, விரிப்பை உருவி, மெத்தையை வெயிலில் போட்டு, தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். குருவம்மாள் அண்ணன் குளிக்கத்தானே செஞ்சாரு, குளிக்கத்தானே செஞ்சாரு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கொல்லையில் குளியலறை வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நைட்டியை மாற்றும்போது சத்யா ஒன்றைக் கவனித்தாள். அம்மாவின் இடது கையில் ஸ்பூன் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தாள். டம்ளர் ஸ்டூலின் மேல், கட்டிலிலிருந்து எட்டுகிற தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்துப் பாயருகே வைத்தாள்.

"தையல் மிஷின் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கலையா அத்தை?"

"மிஷின்ல உக்காரவே இல்லம்மா. கொக்கி தச்சுக்கிட்டு வாசல்லதான இருந்தேன். ஒரு சத்தம் வரலை." குருவம்மாள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். உலர்ந்த போர்வை எடுத்து வருகிறேன் என்று தன் வீட்டுக்குப் போனாள்.

 சத்யா அப்பாவுக்குப் போட்ட போன் சார்ஜரிலேயே மினுக்கியது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அண்ணனுக்குப் போட்டுவிட்டாள். சூர்யபிரகாஷ் எல்லாவற்றையும் கேட்டான். அவன் கத்தவில்லை. நான் சொன்னப்ப யாரும் கேக்கலையே சத்யா என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. இவள் பாயசம் குடித்ததை அவனிடம் சொல்லவில்லை.

அந்தப் பேச்சு முடிவதற்குள் பின்வாசல் திறந்தது.

ஆவுடையப்பன் நல்ல தெளிவான முகத்தோடு வந்தார். கொல்லையில் வெயிலில் கிடந்த மெத்தையைப் பார்த்தார். உள்ளே வந்து வெறும் கட்டிலையும், பாயில் கிடந்த காளீஸ்வரியின் நெற்றியையும் பார்த்தார். மகளுடைய பட்டுப்புடவையைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்த தெளிவு எல்லாம் ஒவ்வொன்றாக வடிந்து போயிற்று.

"எங்கப்பா போனீங்க?"

"நீ வந்துட்டேன்னு போனேன்டி. கொண்டி சத்தம் கேட்டுச்சு."

"வந்தது யாருன்னு ஒரு நிமிஷம் முகத்தைப் பாத்துட்டுப் போனா என்னப்பா?"

 வாழ்நாள் முழுக்க, ஆள் வந்து நின்றது தெரிந்ததும் முகம் பார்க்காமலே மிஷினை விட்டவர் அவர். அங்கே ஒருநாளும் தப்பியதில்லை.

சத்யாவின் கையிலிருந்த போனில் சூர்யபிரகாஷ், அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சத்யா ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுக்க, ஆவுடையப்பன் அதை வாங்கிக்கொண்டார். காதில் வைக்காமல் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினார். காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாகத்தான் பேசினார். ஆனால் குரல் பிசிறடித்தது.

"வந்து கூட்டிட்டுப் போயிருலே. புதன்கிழமை வரைக்கும் வேணாம். மிஷினை விட்டுட்டுப் போனவன் நான். வியாழக்கிழமை கஞ்சி ஊட்டையில ஸ்பூனால குத்தி அவ உதட்டைக் கிழிச்சுட்டேன். என் கையைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. இனிமே இவ எங்கிட்ட இருக்க வேணாம்."

சத்யா அம்மாவின் உதட்டைக் குனிந்து பார்த்தாள். காய்ந்த கோடு. இத்தனை நேரம் துடைத்துவிட்டவளின் கண்ணுக்கு அது படவில்லை.

டங் என்று ஒரு சத்தம்.

காளீஸ்வரி டம்ளரைத் தட்டியிருந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக. மறுபடியும் தட்டினாள். ஆவுடையப்பன் போனைப் பிடித்த கையோடு ஓடி வந்து பாயருகே உட்கார்ந்தார். பழக்கம் அப்படி.

"நா... தட்டல" என்றாள் காளீஸ்வரி.

இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். ஒவ்வொரு வார்த்தையாக அவள் இழுத்துக் கொண்டுவந்தாள். குருவு வந்து, நீ வர நேரமாகும் என்று சொன்னாள். அதற்குள் அவிய, ஒங்க அப்பா, போய்விட்டது எனக்குத் தெரியும். பின்வாசல் சாத்தின சத்தம் கேட்டது. இவ்வளவைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தெரிஞ்சும் தட்டலையாம்மா? சரிஞ்சு விழுந்த பொறவாச்சும் தட்டியிருக்கலாமே. அத்தை வாசல்லதான இருந்தாங்க."

"தட்டினா... குருவு... ஆளை விட்டு... அவியள... கூட்டியாந்துருவா."

"கூட்டியாந்தா என்னம்மா?"

காளீஸ்வரி ஸ்பூனைக் கீழே போட்டாள். இடது கையைத் தூக்கித் தன் கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் அந்த விரலாலேயே ஆவுடையப்பனைக் காட்டினாள்.

சத்யா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் அழுந்திய ஒரு தடம். பஸ் ஜன்னல் கம்பி. கட்டம் போட்ட சட்டை. தோளில் துண்டு. சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பஸ் டிக்கெட்டுகள்.

"பஸ்ல... தூங்குதாக" என்றாள் காளீஸ்வரி. "ஞாயித்துக்கெழமை மட்டும். தூங்கட்டும்னு... விட்டேன்."

ஆவுடையப்பன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இந்தத் தடத்தை அவரே பார்த்ததில்லை. வாராவாரம் தடத்தோடு வந்து நின்ற முகத்தை இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கட்டிலைத் தாண்டாமல் பின்வாசலால் போனதில் என்ன மறைந்தது? ஒன்றுமே மறையவில்லை. இவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை குழாயைத் திறந்துவிட அவருக்கு நேரமில்லை.

போன் இன்னும் அணையவில்லை. சூர்யபிரகாஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அம்மாவின் பேச்சு எவ்வளவு புரிந்ததோ. கடைசியில் கேட்டான்:

"அப்பா வீட்ல தூங்குறதே இல்லையா சத்யா?"

இரண்டு வருஷத்தில் அவன் போனில் கேட்காத கேள்வி கிடையாது. பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு, மாத்திரை மாற்றினார்களா, பிசியோதெரபி ஆள் வந்தாரா. இதை மட்டும் கேட்டதில்லை. சத்யாவும் கேட்டதில்லை. அதனால் அவளால் அவனைக் குறை சொல்ல முடியவில்லை.

"நாளைக்கு வாரேன்" என்றான் சூர்யபிரகாஷ். போன் அணைந்தது.

ஆவுடையப்பன் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூட்டிட்டுப் போக வாரானா?" என்று மகளிடம் கேட்டார். கூப்பிட்டது அவர்தான். ஆனாலும் அந்தக் கேள்வியில் பயம் இருந்தது.

"சொல்லலைப்பா."

காளீஸ்வரி கையை நீட்டினாள். ஸ்பூனைக் கேட்கிறாள் என்று சத்யா எடுத்துக் கொடுத்தாள். அவள் அதை வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். ஆவுடையப்பன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. முதுகுப் பக்கம் வெடித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"வரட்டும். மொதல்ல... அதுல உக்காந்து... ஒரு ஷிப்டு பாக்கட்டும்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அதுவரைக்கும் அவிய... படுக்கட்டும். பொறவு... மதுரைக்கா, இங்கனயான்னு... நான் சொல்லுதேன். நீங்களும் அவனும்... பேசாதீய."

சத்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனை மாசம் ஆயிற்று. ஆவுடையப்பன் சரி என்று தலையாட்டினார். என்ன சொல்லப்போற காளி என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டாலும் அவள் இப்போது சொல்லியிருக்க மாட்டாள்.

முன்வாசலில் கேட்டின் கொண்டி சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். கால் பின்வாசல் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு அடி எடுத்து வைத்தவர், நின்றார். திரும்பினார். வெளியே போகிற சட்டை இன்னும் உடம்பிலேயே இருந்தது. காளீஸ்வரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் படுத்திருந்த பாயைச் சுற்றி, வெறுங்கட்டிலைத் தாண்டி, முன்வாசலுக்குப் போய், வந்திருப்பது யார் என்று முகத்தைப் பார்த்தார்.